கூறு என்றால் எத்தனை மீன்?

2020 மார்ச்சில் இலங்கையில் பல்கலைக்கழகங்கள் மூடி வகுப்புகள் சூமுக்குப் போனபோது, நான் கொடுத்த முதல் குழு ஒப்படை ஒரே வரிதான்: "கிழக்கில் உணவு விலைகள் பற்றி ஆராய்க." ஐந்து பேர், இரண்டு வாரம், பத்துப் பக்கம். பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுத்த நினைப்பு எனக்கு.

வந்ததில் ஒன்றை மறக்க முடியாது. முதல் நான்கு பக்கம் யூனிகோட், மிச்சம் பாமினி என்ற பழைய எழுத்துரு. கைப்பேசியில் திறந்தால் பாமினிப் பகுதி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. ஐவரில் ஒருவரும் முழுதாகத் திறந்து பார்க்கவில்லை. கேட்டால், "என்ட பகுதிய நான் குடுத்திட்டன் சேர்" என்றார்கள். அதுவும் சரிதான். துண்டு போடக்கூடிய வேலையைக் கொடுத்தவன் நான்.

அடுத்த தடவை ஊர் பார்த்துக் குழு பிரித்தேன், ஒரு குழுவில் ஊருக்கு ஒருவர்: வாகரை, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று, பொத்துவில். எல்லோரும் ஒரே நாளில் தங்கள் ஊரில் சூடை மீனும் நாட்டரிசியும் கிலோ என்ன விலை என்று கேட்டு வர வேண்டும். பிறகு ஒரே முடிவு, ஒரே பக்கம்: எங்கே வாங்கி எங்கே விற்றால், ஏற்றுக்கூலி போகக் கட்டுப்படியாகும்? மற்ற நால்வரின் விலை இல்லாமல் யாராலும் பேனையை எடுக்க முடியாது.

வாகரைப் பிள்ளை விலையைக் கிலோவுக்கு அல்லாமல் கூறுக் கணக்கில், அதாவது குவித்து வைத்த மீன் குவியலுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தாள். "கூறு என்றால் எத்தனை மீன்?" என்று காத்தான்குடித் தம்பி கேட்க, அரை மணித்தியாலம் அதிலேயே போனது. மறுநாள் அவள் ஒரு கூறு வாங்கி, கடைத் தராசில் நிறுத்துப் படம் அனுப்பினாள். பாடநூலில் இருந்த அளவைப் பிரச்சினையை நான் நடத்தவே தேவைப்படவில்லை.

இன்னொன்று, டேட்டா. அப்போது பல்கலைக்கழகச் சூம் வகுப்புக்கு டேட்டா இலவசம். தங்களுக்குள் வாட்ஸ்அப்பில் பேச சொந்த ரீலோட் வேண்டும். குழுவில் வாய் திறக்காதவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று நானும் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அப்புறம் வகுப்பிலேயே அரை மணித்தியாலம் ஒதுக்கி, சூமில் தனி அறைகளாகப் பிரித்துவிட்டேன்.

புள்ளியில் பாதி குழுவுக்கு. மீதிப் பாதிக்கு ஒவ்வொருவரும் தனியாக ஒரு பந்தி எழுத வேண்டும்: குழுவில் யார் சொல்லி உங்கள் கணக்கு மாறியது? பெயரும் கணக்கும் இல்லாமல் அதை நிரப்ப முடியாது.

பாமினி மட்டும் இன்னும் வருகிறது. இப்போது ஒப்படைத் தாளின் முதல் வரியே "யூனிகோட்டில் மட்டும்" என்பதுதான்.