குத்து வாங்கக் கற்றுக்கொள்வது: வாள்வீச்சுப் பயிற்சியாளர் சான்றிதழ் பெற்ற அனுபவம்

வாள்வீச்சுப் பயிற்சியாளர் படிப்புக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பதக்கம் எல்லாம் வாங்கியிருக்கணுமா?" என்பதைத்தான். வேண்டியதில்லை. ஆடத் தெரிந்திருக்க வேண்டும், விதிகள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நன்றாக ஆடுகிறவர் தானாகவே நன்றாகச் சொல்லித்தருவார் என்ற நினைப்போடு மட்டும் யாரும் போக வேண்டாம். ஆட்டக்காரரின் உடம்பு வருஷக்கணக்கில் ஒரே விஷயத்துக்குப் பழகியிருக்கிறது: குத்து வாங்காமல் குத்துவது. பயிற்சியாளரின் வேலை அதற்கு நேர்மாறு. சரியான நேரத்தில், சரியான தூரத்தில், மாணவரின் வாள்முனை தன் மேல் வந்து விழும்படி அவர் செய்ய வேண்டும். படிப்பு முழுவதும் இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

படிநிலைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று சான்றிதழ் தருவார்கள். வேறு சில இடங்களில் மோனித்தர், ப்ரெவோ, மேத்ர் என்ற பிரெஞ்சுப் பட்டங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வகை வாள்களையும் நான் படித்த இடத்தில் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். நான் போட்டிகளில் ஆடியது எப்பே. ஆனாலும் முதல் சான்றிதழை ஃபாயிலில் எடுத்தேன். எப்பேயில் உடம்பு முழுக்க இலக்கு. இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அதாவது நொடியில் 25-ல் ஒரு பங்குக்குள், குத்தினால் இருவருக்கும் புள்ளி. ஃபாயிலில் இலக்கு உடற்பகுதி மட்டும்தான். குத்து பட்டதைக் காட்டும் விளக்கு இரண்டு பக்கமும் எரிந்தால், தாக்குதல் யாருடையது என்று பார்த்து ஒருவருக்குத்தான் புள்ளி தருவார் நடுவர். யார் முதலில் கையை நீட்டினார், யார் தடுத்தார், தடுத்தபின் உடனே பதிலடி கொடுத்தாரா என்று ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லப் பழகாமல் சொல்லித்தர முடியாது. அதனால் ஃபாயிலில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று.

சேர்வதற்கு முன் முதலுதவிச் சான்றிதழ், பின்னணிச் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்பு வகுப்பு மூன்றையும் முடிக்கச் சொன்னார்கள். முதல் இரண்டும் சம்பிரதாயமாக முடிந்துவிட்டன. மூன்றாவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாள்வீச்சில் பிள்ளையின் முழங்கையையோ தோளையோ தொட்டுத் திருத்துவது சகஜம். தொடுவதற்கு முன் கேள், கேட்டபின் காத்திரு, 'வேண்டாம்' என்றால் உன் உடம்பிலேயே செய்துகாட்டு என்பதைத்தான் அந்த வகுப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. கேட்டுத் தொடுகிற பயிற்சியாளரிடம் பிள்ளைகள் சந்தேகங்களையும் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள் என்பதைப் பிறகு கிளப்பில் நானே பார்த்தேன்.

கருவிகளைப் பற்றிய பாடத்தில் எங்கள் பயிற்றுநர் 1982-இல் ரோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து தொடங்கினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் வாள் உடைந்து முகக்கவசத்தின் வலையைத் துளைத்ததில் உயிரிழந்தார். இன்று பெரிய போட்டிகளில் ஃபாயிலுக்கும் எப்பேக்கும் விரிசல் எளிதில் பரவாத மாரேஜிங் எஃகு வாள்கள் கட்டாயமானதற்கும், முகக்கவசத் தரம் இவ்வளவு கடுமையானதற்கும் அந்தச் சாவு ஒரு முக்கியக் காரணம். அதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய வாளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பிளேடு நெடுக விரலால் தடவச் சொன்னார். விரிசலும் கூர்மையான மடிப்பும் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அப்புறம் முனைச் சோதனை: ஃபாயில் முனையின் ஸ்பிரிங் 500 கிராம் எடையையும், எப்பே முனை 750 கிராமையும் தூக்கி நிறுத்த வேண்டும். வகுப்புக்கு முன் இதையெல்லாம் பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அக்குளில் தையல் இல்லாத பிளாஸ்ட்ரானை, அதாவது வாள் பிடிக்கும் பக்கத்துக்கான உள்கவசத்தை, ஜாக்கெட்டுக்கு உள்ளே போடாத பிள்ளையை, ஜாக்கெட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வாள் பிடிக்க விடமாட்டேன்.

இனி, தனிப்பாடம். எதிரெதிரே ஒரு பயிற்சியாளர், ஒரு மாணவர். பயிற்சியாளர் தடித்த தோல் மேலுறை, கனமான கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்பார். வெளியிலிருந்து பார்த்தால் மாணவர் குத்துகிறார், இவர் வாங்குகிறார், அவ்வளவுதான். உண்மையில் அங்கே முழு உரையாடலும் வாள் வழியாக நடக்கிறது. சிக்ஸ்த் நிலையில், அதாவது வாள் பிடித்த கைப்பக்கத்தைக் காக்கும் நிலையில், இருக்கும் என் வாளை நான் கொஞ்சம் வெளியே விலக்கினால், நெஞ்சுக்கு நேராக ஒரு வழி திறக்கிறது. மாணவர் அதைப் பார்த்து முதலில் கையை நீட்டி, முனை முன்னே போனபின் முன்காலை எடுத்து நீட்டிப் பாய வேண்டும்; இந்தப் பாய்ச்சலுக்கு லஞ்ச் என்று பெயர். தொடக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கால் முந்திக்கொள்ளும். 'கை முதலில், கை முதலில்' என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் பயன் குறைவு. கால் முந்தி வந்தால் என் முனையை நீட்டி அவர் மேல் மெல்ல வைத்துவிடுவேன். கை முந்தி வந்தால் வழியைத் திறந்தே விடுவேன், குத்து விழும். கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பே புரிந்துகொள்ளும். வாயை மூடிக்கொண்டு சொல்லித்தரும் இந்த முறைதான் எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்தது.

தடுப்பைச் சொல்லித்தரும்போது ஒரு விதி உண்டு: பயிற்சியாளரின் தாக்குதல் உண்மையானதாக இருக்க வேண்டும். மாணவர் தடுக்காவிட்டால் என் முனை அவர் நெஞ்சில் போய்ப் பட்டே ஆக வேண்டும். பாவம் என்று முனையை ஓரமாகவோ தூரமாகவோ நீட்டினால், காற்றைத் தடுக்கத்தான் அவர் பழகுவார். போட்டியில் நிஜமான முனை வரும்போது அந்தக் கை எங்கோ போகும். இரக்கத்தால் செய்கிற கெடுதல் இது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், இலக்கை மாற்றக் கூடாது. படிப்பில் நாங்கள் ஒருவருக்கொருவர் பாடம் எடுத்தபோது, பயிற்றுநர் பக்கத்தில் நின்று மாணவராக நிற்பவரிடம் திடீரென்று "இப்போ தடுக்காதே" என்று காதோடு சொல்லுவார். முனை நெஞ்சில் பட்டதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்த படி தேர்வு செய்யவைப்பது. மாணவர் கையை நீட்டுகிறார். என் வாள் அசையாவிட்டால் நேராகக் குத்தலாம், தடுக்க வந்தால் அடியில் சுற்றி மறுபக்கம் போக வேண்டும். எது வரும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. இதில் என் முகம், தோள், மூச்சு எதுவும் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பழகுவதற்கு நீண்ட காலம் பிடித்தது. தூரமும் அப்படித்தான். மாணவர் லஞ்ச் முடியும்போது முனை பதிந்து பிளேடு மேல்நோக்கி அழகாக வளைய வேண்டும். அரை அடி கிட்டே நின்றால் கை மடங்கும், அரை அடி தள்ளி நின்றால் இடுப்பு சாயும். அவருடைய கால் நீளத்துக்கு ஏற்ப நான் நகர வேண்டும்.

குழு வகுப்பின் இயல்பே வேறு. அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். முகக்கவசம் இறங்காமல் முனை உயரக் கூடாது என்பது மாற்றமே இல்லாத சட்டம். நான் எங்கே நின்றால் எல்லோரும் தெரிவார்கள், யாருக்கும் முதுகு காட்டாமல் ஒருவரைத் திருத்துவது எப்படி என்பதெல்லாம் பழகப் பழகத்தான் வந்தன. இடக்கையரை மறந்துவிட வேண்டாம். வலக்கையருக்குச் சொல்வதை அப்படியே அவருக்கும் சொன்னால் கோணமும் இலக்கும் பிசகும். ஜோடியை அடிக்கடி மாற்றிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

நடுவர் பணியும் பாடத்திட்டத்தில் இருந்தது. 'ஆன் கார்ட், ப்ரே, ஆலே' (நிலைக்கு வா, தயாரா, தொடங்கு) என்ற கட்டளைகளும் கைச் சைகைகளும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பார்த்ததை வரிசையாகச் சொல்லத்தான் பழக்கம் வேண்டும்.

தேர்வு நாளில் எழுத்துத் தேர்வு முதலில் முடிந்தது. அப்புறம் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது கார்ட் தடுப்பும் (நெஞ்சின் உட்பக்கத்தைக் காக்கும் நான்காம் நிலைத் தடுப்பு) நேர்ப் பதிலடியும். முன்பின் பார்த்திராத ஒரு மாணவியை எதிரே நிறுத்தினார்கள். முதல் சில நிமிஷம் முன்னும் பின்னும் நடந்து அவர் அடி எவ்வளவு நீளம், எவ்வளவு வேகத்தில் நிற்கிறார் என்று மட்டும் பார்த்தேன். பதிலடியின்போது அவர் முஷ்டி இறங்கியது. தடுப்பை வலுவாக அடிப்பதால்தான் அப்படி என்று தெரிந்தது. என் தாக்குதலின் வேகத்தைப் பாதியாக்கினேன்; அவர் அடிப்பதை விட்டுத் தடுக்கத் தொடங்கினார், முஷ்டி இறங்குவதும் நின்றது. பிறகு வேகத்தைக் கூட்டினேன். பாடம் முடிந்ததும் தேர்வாளர்கள், எந்தக் குறையைப் பார்த்தீர்கள், ஏன் வேகத்தைக் குறைத்தீர்கள், அடுத்த வாரம் இவருக்கு என்ன பாடம் எடுப்பீர்கள் என்று துருவிக் கேட்டார்கள். அடுத்த வாரத்தைப் பற்றிய கேள்விதான் எனக்கு மிக நியாயமானதாகப் பட்டது.

தேர்ச்சி பெற்றேன். இப்போது எப்பே சான்றிதழுக்குப் படிக்கிறேன். போக நினைக்கிறவர்களுக்கு: விண்ணப்பிக்கும் முன்பே ஏதாவதொரு கிளப்பில் ஓரமாக உட்கார்ந்து, மூத்த பயிற்சியாளர்கள் தனிப்பாடம் எடுப்பதைப் பாருங்கள். மாணவரைப் பார்க்காமல் பயிற்சியாளரின் காலையும் வாள்முனையையும் பாருங்கள். மறு கையாலும் வாள் பிடித்துப் பழகத் தொடங்குங்கள்; ஒரே பக்கமாக நின்று தினமும் பாடம் எடுத்தால் முன்முழங்காலும் இடுப்பும்தான் முதலில் முறையிடும்.