ஆறு சுரமும் ஓர் இடைவெளியும்

நேற்றிரவு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீடியோ விளையாட்டின் பாதாள அறை இசையை யாரோ ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரில், தாளம் தூக்கலான ஃபங்க் பாணிக்கு மாற்றி வாசித்திருந்ததைக் கேட்டேன். ஒருமுறை கேட்டுவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்தேன். மணி இரண்டாகிவிட்டது.

1985-இல் கோஜி கோண்டோ இதை அமைத்தபோது அவர் கையில் இருந்த வாத்தியம் விளையாட்டுக் கருவிக்குள் இருக்கும் ஓர் ஒலிச் சில்லு (சிப்). இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, தாளத்துக்குக் கொஞ்சம் இரைச்சல். இந்த நால்வரை வைத்துத்தான் கச்சேரி. மாரியோ குதிக்கும் சத்தத்துக்கும் அதற்குள்ளேயே இடம் தேட வேண்டும்!

பாதாள இசை தொடங்குவதோ ஆறே சுரத்தில். கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்று ஜோடி ஜோடியாகத் தாவிவிட்டுச் சட்டென்று மௌனம். அந்த மௌனம்தான் கிட்டார்க்காரருக்குத் தீனி. இடக்கை விரல்களைத் தந்திகள்மேல் லேசாகப் படியவைத்து, வலக்கையால் ‘சிக்கு சிக்கு’ என்று உரசுகிறார். சுரமே கிடையாது, வெறும் தாளம். அதன்பின் ஒலியின் நிறத்தை மாற்றும் வா-வா பெடலை மிதிக்கிறார் பாருங்கள், கிட்டார் வாயைத் திறந்து பேசுகிறது. டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

சிறுவயதில், இந்தப் பாதாள அறை வரும் இரண்டாம் கட்டத்திலேயே செத்துச் செத்து எனக்கு இந்த ஆறு சுரமும் மனப்பாடம். காலையில் தோசைக்கல்லில் கரண்டி தானாகவே அதைத் தட்டியது. “மாவு தீர்ந்து பத்து நிமிடம் ஆகிறது” என்றார் அம்மா.