போன் வீட்டுக்கு வரும் நேரம்

2020 மார்ச் 12, வியாழன்

கொரோனாவால் இலங்கை முழுவதும் நாளை முதல் ஏப்ரல் 20 வரை பாடசாலை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். என் தரம் 5 பிள்ளைகளுக்கு இது புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வருடம். பாதிப் பேருடைய கொப்பிகள் வகுப்பு அலுமாரியிலேயே கிடக்கின்றன.

2020 மே 6, புதன்

நாடே ஊரடங்கில் இருக்கிறது, ஆனாலும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை நிற்கவில்லை. வட்ஸ்அப் குழுவில் காலையில் பாடம் போட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரம் போன் அம்மாவோடு மலையில் இருக்கிறது. சில வீடுகளில் உள்ள ஒரே நல்ல போன் கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனிடம், அவரும் அங்கேயே மாட்டிக்கொண்டார். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத் தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதைத் திறக்க டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதல் கையில் ஒரு போன் வேண்டுமே. சரி, இனி இரவு 7 மணிக்குக் குரல்பதிவாக அனுப்புகிறேன், அதற்கு டேட்டாவும் குறைவு.

2020 ஒக்டோபர் 11, ஞாயிறு

மினுவாங்கொடைக் கொரோனாத் தொற்றுக் கொத்தணியால் பாடசாலைகளை மறுபடி மூடிய பிறகும் புலமைப்பரிசில் பரீட்சையை இன்று நடத்திவிட்டார்கள். கொழும்புப் பிள்ளைக்கும் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள். இது நியாயமே இல்லை.

2021 ஜூன் 17, வியாழன்

மஸ்கெலியாவில் விடாத மழை. தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். இன்று செயலட்டை கொடுக்கப் போனபோது பார்த்தேன்: தராசுக்குக் கீழே மூன்று பேர், அம்மா கொழுந்து பறிக்கக் கட்டும் படங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கீறல் விழுந்த ஒரே போனில் அக்காவின் சூம் வகுப்பைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறார்கள். படம் நின்று நின்று வருகிறது. சின்னவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்து, “டீச்சர், நனையல, பாருங்க” என்று காட்டினாள்.

அவளுடைய அம்மாவிடம் பேசினேன். நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று மார்ச்சில் வர்த்தமானி வந்தது, ஆனால் பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுகிறார்களாம். “ரீலோட் போட்டா மா வாங்க முடியாது டீச்சர்” என்றார். இணைய வகுப்பு நன்றாக நடக்கிறது என்று அறிக்கை எழுதுபவர்கள் ஒரு நாள் இந்த மடுவத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

2021 ஜூலை 13, செவ்வாய்

நேற்றிலிருந்து ஆசிரியர் சங்கங்கள் இணையக் கற்பித்தலிலிருந்து விலகிவிட்டன. சம்பள முரண்பாடு எத்தனை வருடத்துப் பிரச்சினை, கோரிக்கை நூற்றுக்கு நூறு சரி, நானும் விலகியிருக்கிறேன். ஆனாலும் இரவு 7 மணிக்குப் போன் அடித்து “இன்னைக்குப் பாடம் இல்லையா டீச்சர்” என்று கேட்கும் குரலுக்கு என்ன சொல்வது? வாசிக்கக் கதைப் புத்தகம் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

2021 ஒக்டோபர் 25, திங்கள்

ஆரம்பப் பிரிவு திறந்தாயிற்று. வந்த பிள்ளைகளில் சிலருக்கு உயிர்மெய் எழுத்துகளே தடுமாறுகின்றன, ஆகவே பாடத்திட்டத்தை ஓட்டி முடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. முதலில் எழுத்து, அப்புறம் மற்றவை. குழுவில் ஒரு நாளும் பதில் போடாத வீடுகளின் பிள்ளைகள்தான் இன்றும் வரவில்லை. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறாளாம். நாளை பாடசாலை விட்டதும் அந்த லயத்துக்குப் போகிறேன், தம்பியைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட முடியுமா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும்.