இரசாயனவியலை விடுவதா, வேண்டாமா?

சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டால் களுவாஞ்சிகுடியில் உள்ள என் கொமினிகேசன் கடையில் பெற்றோர் கூட்டம்தான். பெறுபேற்றை அச்செடுத்துக்கொண்டு, போகும்போது "பிள்ளையைக் கம்ப்யூட்டர் பக்கம் விடலாமா தம்பி?" என்று ஒரு கேள்வி. போட்டோக் கொப்பி எடுப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கை. இந்த முறை கேட்டவர் என் அத்தான்.

அவர் கையில் ஒரு துண்டுப்பிரசுரம். ஒன்றரை வருடத்தில் மென்பொருள் பொறியியலாளர், கட்டணம் தவணை முறையில். சான்றிதழை வழங்குவது யார் என்பது சின்ன எழுத்தில்கூட இல்லை. தேசிய தொழிற்தகைமையில் (என்விகியூ) எத்தனையாம் மட்டம் என்று தொலைபேசியில் கேட்டேன்; நேரில் வாருங்கள் என்றார்கள். தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

அவர் மகளை, அதாவது என் மருமகளைக் கேட்டால் "பிடிக்கும் மாமா" என்றாள். கைத்தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளைதான் வேறு பதில் சொல்லும்? அதனால் நெடுநாளாக எனக்குத் தலையிடி தரும் வேலை ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல், பாடசாலைக் கடிதம் எல்லாம் இங்கே இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. பேஸ்புக்கில் போடுவதற்கு, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடாக மாற்ற வேண்டும். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் ஒட்டிய எழுத்துரு. எஃப் தட்டினால் க, எச் தட்டினால் அரவு (ா), பெரிய என் தட்டினால் இரட்டைக் கொம்பு (ே). பாடசாலையில் அவள் படித்த நிரல் மொழி பாஸ்கல். உயர்தரத்தில் பைதன் வரும் என்பதால், பாமினியை மாற்றும் நிரலை அதிலேயே எழுதச் சொன்னேன்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினாள். "கோயில்" என்று இருந்த இடத்தில் கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தில் தொங்க, "காயில்" பின்னால் நின்றது. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைக்கிறது. யூனிகோட் மெய்யை முதலில் வைத்து, கொம்பையும் அரவையும் ஒரே குறியாக்கிப் பின்னால் சேர்க்கிறது. இதை நான் சொல்லவில்லை. பழுதான கொப்பித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதித் தானே பிடித்தாள்: மூன்று துண்டுகள் சேர்ந்து வரும் எழுத்தை முதலில் தேடி மாற்ற வேண்டும், பிறகு இரண்டு, கடைசியில் தனி எழுத்து. அக்கா தொலைபேசியில் கத்தும் வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. கணக்கில் எடுத்த புள்ளியைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

உயர்தரப் பாடத் தெரிவுக்கு வந்தோம். கணிதப் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கலாம். கணினி விஞ்ஞானத்துக்கு அப்படியும் போகலாம். ஆனால் பொறியியல் பீடம் கைவிட்டுப் போகும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் என்ற ஆசை இருந்தால் இணைந்த கணிதம், பௌதிகவியலோடு இரசாயனவியலும் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவு என்றால் இணைந்த கணிதமே இல்லாமல் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பப் பட்டம் வரை போகலாம். அது "கணக்கு ஓடாத பிள்ளைகளுக்கு" என்றார் அத்தான். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை.

பல்கலைக்கழகம் போகக் கொழும்புப் பிள்ளைகளுக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியை, அதாவது வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. கணித, விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதுவும் தவறினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் (பிஐடி) 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பரீட்சை ஆங்கிலத்தில், அதற்கு இப்போதே தயாராக வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளே முடிவு செய்தாள்: "கணினியை வீட்டில் இருந்து படிப்பேன் மாமா. இரசாயனவியலை அப்படிப் படிக்க முடியாது." இரசாயனவியலையே எடுக்கிறாள்.

அவள் எழுதிய மாற்றி நிரலில் ஒரு பிழை மிச்சம். பாடசாலைக் கடிதத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிவிட்டது. டொக்எக்ஸ் (.docx) வகை வேர்ட் கோப்பின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் என்று குறித்திருக்கும். பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்றினால் சரி. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். பழைய பாமினிக் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதம் பென்டிரைவோடு கடைக்கு வாருங்கள்.