தறிக்காரர் வீட்டு குவாலிஸ்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்கத் தறிதான். பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரு இழை அறுந்தால் அப்பா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். அதனாலோ என்னவோ, டொயோட்டா கதை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். கார் கம்பெனி ஆவதற்கு முன் அது தறிக் குடும்பம். சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். 1929இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார்; 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனியானது. "நம்மாளுங்கடா" என்பார் அப்பா.

நாங்கள் வாங்கியதும் டொயோட்டாதான்: 2003 மாடல் குவாலிஸ், பழைய வண்டிதான். 2000இல் இந்தியாவுக்கு வந்து, 2005இல் இன்னோவாவுக்கு இடம்விட்ட வண்டி. பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும், அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜின் எட்டுப் பேரோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முனகிக்கொண்டே ஏறிவிடும்.

இறங்கும்போதுதான் என் மானம் போனது. முதல் தடவை நாலாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். 14ஆம் வளைவில் கருகிய வாடை, பெடல் மெத்தென்று உள்ளே போனது. ஓரங்கட்டினோம். வண்டி ஆற அரை மணி நேரம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி இரண்டாவது கியரில் அடிவாரம் வரை இறக்கினார். அதற்குள் ஆரஞ்சுப் பழப் பை குரங்குகளிடம் போயிருந்தது.