மர்டர் போதும்

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டு. தலைப்பு 'என் குடும்பம்'. மூன்றாவது வரியில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'மை ஃபாதர் வாஸ் அசாசினேட்டட்'. எழுத்துப்பிழைகூட இல்லை. சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்து, மேலே 'மர்டர்டு' என்று எழுதினேன்.

பிழை பிழைதானே. 1948-இல் டெல்லியில் காந்திக்கும், 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவுக்கும் நடந்தது அசாசினேஷன். பொதுவாழ்வில் பெயர் பெற்றவரைத் திட்டமிட்டுக் கொன்றால்தான் அந்தச் சொல். பாலக்கோடு பக்கம் வரப்புத் தகராறில் ஒருவரை வெட்டினால் மர்டர்.

நோட்டை வாங்கியவள் மேசையருகிலேயே நின்றாள்.

"சார், பெரிய ஆளுங்களுக்கு மட்டும்தான் அந்த வார்த்தையா?"

"ஆமாம்மா."

"அப்ப எங்க அப்பாவுக்கு?"

"மர்டர் போதும்."

தக்காளி நிறுப்பவரிடம் சொல்வதுபோல, போதும் என்றேன். கட்டுரைக்கு அந்தச் சொல் போதும் என்றுதான் நினைத்துச் சொன்னேன். அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

அவள் எப்படி அந்தச் சொல்லுக்குப் போனாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைய செய்தித்தாளைக் கத்தரித்து வீட்டில் வைத்திருக்கிறார்கள். 'விவசாயி வெட்டிப் படுகொலை'. அகராதியில் படுகொலைக்குப் பொருள் தேடியிருக்கிறாள். தமிழில் காந்தி கொல்லப்பட்டதும் படுகொலை, ஜாலியன்வாலா பாக்கும் படுகொலை, 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் படுகொலை. அவள் அப்பாவுக்கும் அதே சொல். அந்தப் 'படு' கொலையின் கொடுமையைச் சொல்கிறது. செத்தவர் யார் என்று கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கிறது. கூட்டமாகக் கொன்றால் மாஸகர், பெரிய மனிதரென்றால் அசாசினேஷன், மற்றவர்களுக்கு மர்டர்.

அதைச் சொல்லித் தருவதுதான் என் வேலை. விட்டிருந்தால் நாளைக்குப் பொதுத்தேர்வில் வேறொருவர் அடித்திருப்பார். நாற்பது நோட்டு திருத்தும்போது யாருடையது என்று பார்க்க நேரமில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். அது பொய். அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். ஊருக்கே தெரிந்த சாவு, எனக்கும் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திருத்தியிருக்கலாம். கேட்டிருந்தால் அடிக்கக் கை வந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் திருத்திய சொல்லைக் கீழே ஐந்து முறை எழுத வேண்டும். மறுநாள் கொண்டுவந்தாள். சொல்லை மட்டும் எழுதவில்லை, முழு வாக்கியத்தையும் எழுதியிருந்தாள். மை ஃபாதர் வாஸ் மர்டர்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து வரி, அழித்தல் இல்லாமல்.

தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.