கன்ட்ரோல் சர்ஃபேஸ் வாங்கும்முன்: ஃபேடரை அப்புறம் எண்ணலாம்

கணினியின் இசை மென்பொருளை மவுஸ் இல்லாமல் கையால் இயக்க உதவும் ஃபேடர் (தள்ளுகோல்), பட்டன் பெட்டிதான் கன்ட்ரோல் சர்ஃபேஸ். அதைத் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எட்டு ஃபேடர் போதுமா, பதினாறு வேண்டுமா?" என்றுதான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. உங்கள் மென்பொருள் எந்த புரோட்டோகாலில் (பெட்டியோடு பேசும் மொழியில்) பேசும் என்பது முதலாவது. மென்பொருளில் நடக்கிற மாற்றம் பெட்டிக்குத் திரும்பி வருமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்கிய பதினாறு ஃபேடர் பெட்டியைவிட, ஒழுங்காகப் பேசத் தெரிந்த ஒற்றை ஃபேடர் மேல்.

திரும்பி வராத வகையை முதலில் பார்த்துவிடலாம். கோர்க் நானோகன்ட்ரோல்2, அகாய் மிடிமிக்ஸ், நோவேஷன் லாஞ்ச் கன்ட்ரோல் எக்ஸ்எல் எல்லாம் ஃபேடரைத் தானாக நகர்த்தும் மோட்டார் இல்லாத பெட்டிகள். ஃபேடரைத் தள்ளினால் 0 முதல் 127 வரை ஒரு மிடி சிசி மதிப்பு (மிடி என்பது இசைக் கருவிகள் பேசும் டிஜிட்டல் மொழி, சிசி அதில் கட்டுப்பாட்டுச் செய்தி) போகும், அவ்வளவுதான். திரையில் மவுஸால் அதே டிராக்கை ஏற்றி இறக்கினாலும், வேறு பாட்டைத் திறந்தாலும், பெட்டியின் ஃபேடர் பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்து விரல் பட்டதும் சத்தம் குபீரென்று தாவும். இதைத் தடுக்க ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் மிடி அமைப்பில் பிக்-அப், வேல்யூ ஸ்கேலிங் என இரண்டு டேக்ஓவர் முறைகள் உண்டு. பிக்-அப்பில் தாவல் இருக்காது. ஆனால் திரையிலுள்ள மதிப்பை ஃபேடர் கடக்கும்வரை எதுவும் அசையாது. புதிதாகப் பயன்படுத்துபவர் பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

படிகளின் எண்ணிக்கையும் குறைவு. ஃபேடரின் மேல் கால் பாகத்துக்குள் +6 முதல் −6 டிபி வரை அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 128 படிகளில் இந்த 12 டிபிக்குக் கிடைப்பது 32. ஒரு படிக்கு 0.375 டிபி. தாளத்தில் இது காதில் படாது; தனியாக நிற்கும் குரலை மெல்ல மங்கச் செய்யும்போது ஆட்டோமேஷன் கோடு (ஃபேடர் அசைவை மென்பொருள் பதிந்துவைக்கும் கோடு) படிக்கட்டாகவே விழும்.

அதற்காக இந்தப் பெட்டிகளை ஒதுக்க வேண்டாம். ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் சாம்பிள் லைப்ரரிகளில் டைனமிக்ஸுக்கு சிசி 1, எக்ஸ்பிரஷனுக்கு சிசி 11 என்று இடது கையால் ஓட்டுகிறவர்களுக்கு மோட்டாரே தேவையில்லை. அந்த சிசிக்களைப் பெரும்பாலான லைப்ரரிகள் 128 படிகளாகத்தான் வாங்கிக்கொள்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது ஃபேடரின் நீளமும் வழுவழுப்பும். 60 மிமீ ஓரளவு சரி, 100 மிமீ நன்று. நானோ வகையின் குட்டி ஃபேடரில் கிரெஷெண்டோ இழுப்பது கஷ்டம்.

இனி இருவழிப் பேச்சு. இன்று மிகப் பரவலாக இருப்பது மேக்கி கன்ட்ரோல் புரோட்டோகால், சுருக்கமாக எம்சியூ. க்யூபேஸ், லாஜிக், லைவ், ரீப்பர், ஸ்டூடியோ ஒன், எஃப்எல் ஸ்டூடியோ ஆகிய இசை மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் புரியும். புரோ டூல்ஸுக்குப் புரியாது. அதற்கு ஹுய் அல்லது யூகான் என்ற புரோட்டோகால் வேண்டும். ஆகவே புரோ டூல்ஸ்காரர்கள் பெட்டியின் விவரக்குறிப்பில் ஹுய் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். ஹுய் பழைய புரோட்டோகால். ஒரு டிராக்கின் பெயருக்கு 4 எழுத்துதான் கிடைக்கும். எட்டு எட்டாக நான்கு அலகுகள், ஆக 32 சேனல் வரை புரோ டூல்ஸ் ஏற்கும். யூகான் முதலில் யூஃபோனிக்ஸ் நிறுவனத்துடையது, 2010-இல் புரோ டூல்ஸ் தயாரிக்கும் அவிட் கைக்குப் போனது. ஈதர்நெட்டில் ஓடுவதால் மிடியின் நெருக்கடி அதற்குக் கிடையாது. அவிட் எஸ்1 போன்றவை அதில்தான் பேசுகின்றன. பின்னணியில் யூகன்ட்ரோல் மென்பொருள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

எம்சியூ உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை நீங்களே அவிழ்த்துவிடலாம். எட்டு ஃபேடர்களில் எதுவும் சிசி அனுப்புவதில்லை. மிடி சேனல் 1 முதல் 8 வரை பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) செய்திகளாக அனுப்புகின்றன, மாஸ்டர் ஃபேடர் சேனல் 9-இல். பிட்ச் பெண்ட் 14 பிட் என்பதால் படிக்கட்டுப் பிரச்சினை போய்விடுகிறது. நடைமுறையில் பெரும்பாலான பெட்டிகள் 10 பிட், அதாவது 1024 படிகள் பயன்படுத்துகின்றன. 100 மிமீ நீளத்தில் ஒரு படி ஏறத்தாழ 0.1 மிமீ, விரலால் அதைவிட நுணுக்கமாகத் தள்ள முடியாது. ஃபேடரில் விரல் பட்டால் 104 முதல் 111 வரையான நோட் (சுரச் செய்தி) ஒன்று போகும். பட்டன்களும் நோட்தான்: பிளே 94, ரெக்கார்ட் 95. மேலே சுழலும் வி-பாட் என்ற நாப்கள் சிசி 16 முதல் 23 வரை. வலப்பக்கம் திருப்பினால் 1, 2, 3 என்றும் இடப்பக்கம் திருப்பினால் 65, 66, 67 என்றும், திருப்பும் வேகத்துக்கு ஏற்ப மதிப்பு போகும்.

எனவே, புதுப் பெட்டியைச் செருகி முதல் ஃபேடரைத் தள்ளியதும் சிந்தின் சுருதி வழுக்கிக்கொண்டு போனால், அல்லது தொட்டதும் எங்கோ உச்சத்தில் 'கீச்' என்று ஒரு சுரம் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த மிடி போர்ட்டை மென்பொருள் கீபோர்டாகவும் கேட்டுக்கொண்டிருக்கிறது. க்யூபேஸில் ஸ்டூடியோ செட்டப்பில் மேக்கி கன்ட்ரோலைச் சேர்த்து உள், வெளி போர்ட்டுகளைக் கொடுத்தபின், மிடி போர்ட் செட்டப் பக்கத்தில் அந்த உள் போர்ட்டுக்கு 'ஆல் மிடி இன்புட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். லைவில் கன்ட்ரோல் சர்ஃபேஸ் பட்டியலில் மேக்கிகன்ட்ரோலைத் தேர்ந்த பிறகு, அதே போர்ட்டின் 'டிராக்', 'ரிமோட்' இரண்டும் அணைந்திருக்க வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவில் வேறு மாதிரி தடுமாற்றம்: பட்டன் வேலை செய்யும், ஃபேடர் மட்டும் தானாக நகராது. உள், வெளி இரண்டுக்கும் ஒரே போர்ட் எண் கொடுக்காததுதான் வழக்கமான காரணம்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் பெட்டி எந்த மோடில் இருக்கிறது என்று பாருங்கள். பெரிங்கர் எக்ஸ்-டச்சில் முதல் சேனலின் செலக்ட் பட்டனை அழுத்திக்கொண்டே மின்சாரம் போட்டால் அமைப்புத் திரை வரும். எம்சி (மேக்கி கன்ட்ரோல்), ஹுய் என்று மோடும், யுஎஸ்பி, மிடி, நெட்வொர்க் என்று இணைப்பும் அங்கே தனித்தனி. மோடை மாற்றிவிட்டு இணைப்பை மிடியிலேயே விட்டுவிட்டு, யுஎஸ்பி கேபிளைக் குறை சொல்வது சகஜம். விண்டோஸில் இன்னொன்று: பல டிரைவர்கள் ஒரு மிடி போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் தரும். பெட்டியின் எடிட்டர் மென்பொருள் பின்னால் திறந்திருந்தால், இசை மென்பொருளுக்குப் போர்ட் கிடைக்காது.

டிராக் பெயர் காட்டும் சின்னத் திரை தேவையா? ஒரு ஃபேடர் பெட்டிக்குத் தேவையில்லை, எட்டு ஃபேடருக்குக் கட்டாயம் தேவை. அடுத்த எட்டு டிராக்குக்குத் தாவும் பேங்க் பட்டனை இரண்டு தடவை அழுத்தியதும் மூன்றாவது ஃபேடர் எந்த டிராக் என்பதை நினைவில் வைத்து யாரும் மிக்ஸ் செய்ய முடியாது. எக்ஸ்-டச் காம்பாக்ட்டில் மோட்டார் ஃபேடர்கள் உண்டு, பெயர்த்திரை இல்லை. விலை வித்தியாசத்தைப் பார்த்து அதைத் தேர்கிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். எம்சியூவில் ஒரு டிராக்குக்கு 7 எழுத்து இடம், கடைசியை இடைவெளிக்கு விட்டால் 6. அதனால் வேறுபடுத்தும் எழுத்துகள் பெயரின் முன்னால் வர வேண்டும். கோரஸ் குரல் எட்டு டிராக் இருந்து எல்லாமே 'கோரஸ்' என்று தொடங்கினால், எட்டுத் திரையிலும் ஒரே சொல்தான் நிற்கும். எண்ணை முன்னால் போடுங்கள். தமிழில் டிராக் பெயர் வைக்கிறவர்கள் கவனிக்க: எம்சியூவில் பெயர் சிஸெக்ஸ் என்ற மிடி செய்தியில் 7 பிட் எழுத்துகளாகப் போகிறது. தமிழ் எழுத்துக்கு அதில் இடமே கிடையாது. திரையில் வருவது கேள்விக்குறியோ வெற்றிடமோதான். பெட்டியில் தெரிய வேண்டிய டிராக்குகளுக்கு ரோமன் எழுத்தே வழி.

இப்போது ஃபேடர் எண்ணிக்கை. நம்மில் பலர் தனியாக, மவுஸோடு மிக்ஸ் செய்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு டிராக்கின் ஆட்டோமேஷனைத்தான் எழுதுகிறோம். திரையில் தேர்ந்த டிராக்கைத் தானாகப் பின்தொடரும் ஒற்றை மோட்டார் ஃபேடர், கூடவே பிளே, ரெக்கார்ட், அன்டூ பட்டன்கள்: பிரீசோனஸ் ஃபேடர்போர்ட், எக்ஸ்-டச் ஒன் வகை. பேங்க் மாற்றும் தொல்லையே இதில் இல்லை. டிரம்ஸ் பஸ், பேஸ், குரல், கோரஸ் என்று நாலைந்து விரலால் ஒரே சமயத்தில் சமன் பார்க்கிறவர்களுக்கு எட்டு வேண்டும். 60 டிராக் பாட்டில் எட்டு ஃபேடரை அப்படியே பேங்க் செய்வது எரிச்சல்தான். எல்லாவற்றையும் எட்டு குழுவாகச் சேர்த்து, அந்த எட்டை மட்டும் பெட்டியில் காட்டும்படி மிக்ஸரை வடிகட்டினால் எட்டே தாராளம். பதினாறுக்குப் போவதற்கு முன் மேசையை அளந்துவிடுங்கள். அகலம் மட்டும் பார்த்தால் போதாது, ஆழமும் முக்கியம்: பெட்டிக்குப் பின்னால் கேபிளுக்கு ஒரு கை இடம், முன்னால் மணிக்கட்டுக்கு இடம்.

தொடு உணர்வு இல்லாத மோட்டார் ஃபேடர் இருந்தால் தொடாமலே போய்விடுங்கள். ஆட்டோமேஷனின் டச் மோட், விரல் எடுத்ததும் பழைய மதிப்புக்குத் திரும்புவது, ஃபேடர் உங்கள் விரலை உணர்ந்தால்தான் நடக்கும். உணராவிட்டால் நீங்கள் மேலே தள்ள, மோட்டார் கீழே இழுக்க, எழுதிய கோட்டில் நடுக்கம் பதியும். உணரும் பெட்டியிலும் நகத்தால் தள்ளினாலோ கையுறை போட்டிருந்தாலோ, சிலருக்குத் தோல் வறண்டிருந்தாலோகூட, இதே கதைதான். அமைப்பில் தொடு உணர்திறன் அளவு இருந்தால் ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

ப்ளக்இன் ஓட்டுவதற்காக எம்சியூ பெட்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்துக்கு எட்டு பாராமீட்டர். ஒரு ஈக்யூவில் 60 பாராமீட்டர் இருந்தால் எட்டு பக்கம், வரிசையும் ப்ளக்இன் எழுதியவர் இஷ்டப்படி. மூன்றாம் பேண்டின் கெயின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கும். அதற்குப் பதிலாக லைவில் ரேக் மேக்ரோக்கள், க்யூபேஸ் 12 முதல் வந்திருக்கும் மிடி ரிமோட், லாஜிக்கில் ஸ்மார்ட் கன்ட்ரோல்ஸ் ஆகியவற்றில் உங்களுக்கு வேண்டிய எட்டை மட்டும் கட்டிவைத்து சுழலும் நாப்கள் (என்கோடர்) கொண்ட ஒரு சாதாரணப் பெட்டியால் ஓட்டுவது வேகம். அங்கே முடிவில்லாமல் சுழலும் என்கோடரையே தேர்ந்தெடுங்கள். அதற்கு 'பழைய இடம்' கிடையாது, தாவலும் கிடையாது. நாபைத் திருப்பினால் மதிப்பு ஒரேயடியாக உச்சத்துக்கோ பூஜ்யத்துக்கோ ஓடினால், பெட்டி அனுப்பும் ரிலேட்டிவ் முறையும் (எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் முறை) மென்பொருள் எதிர்பார்க்கும் முறையும் வேறு என்று அர்த்தம். டூஸ் காம்ப்ளிமென்ட், பைனரி ஆஃப்செட், சைன் பிட் என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒன்று பொருந்தும்.

மோட்டாருக்குச் சத்தம் உண்டு. பேங்க் மாற்றும்போது எட்டு ஃபேடரும் ஒன்றாகத் தடதடக்கும். அதே அறையில் மைக் திறந்திருந்தால் பதிவாகும். குரல் எடுக்கும்போது மோட்டாரை அணைக்கும் வசதி பெட்டியில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், ஆக 2.5 வாட். எட்டு மோட்டார் அதில் ஓடாது. கூடவே வரும் அடாப்டரைச் செருகாமல் விட்டால் விளக்கு எரிந்தும் ஃபேடர் அசையாமல் கிடக்கலாம்.

பெட்டி வந்ததும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், இதையெல்லாம் பாருங்கள். பத்து டிராக் உள்ள ஒரு ப்ராஜெக்டில் பேங்கை முன்னும் பின்னும் மாற்றிப் பெயர்கள் சரியாக வருகின்றனவா என்று கவனியுங்கள். 30 விநாடி நீளமான மெதுவான ஃபேடை டச் மோடில் எழுதி, கோட்டைப் பெரிதாக்கி நடுக்கம் தெரிகிறதா என்று தேடுங்கள். பிறகு அதை ஓடவிட்டு, ஃபேடர் வழுக்கிக்கொண்டு போகிறதா, தவ்விக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். மென்பொருள் திறந்திருக்கும்போதே யுஎஸ்பியை உருவி மறுபடி செருகுங்கள். கணினியைத் தூங்கவிட்டு எழுப்புங்கள். இணைப்பு அறுந்து, மென்பொருளை மூடித் திறந்தால்தான் திரும்புகிறது என்றால், தினமும் அதோடு வாழ முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள், விற்பவரிடம் எல்லா ஃபேடரும் ஒரே நேரத்தில் அடியிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து அடிக்கும் ஓடும் வீடியோ கேளுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒன்று மட்டும் நின்றுவிட்டால், முதலில் கேலிப்ரேஷன் (ஃபேடரின் அளவைச் சரிசெய்யும் செயல்) ஓட்டச் சொல்லுங்கள். அதன் பின்னும் நின்றால் பெல்ட்டோ மோட்டாரோ தளர்ந்திருக்கிறது. நின்ற இடத்தில் ஃபேடர் நடுங்கிக்கொண்டே இருந்தால் உள் தடத்தில் தூசியாக இருக்கலாம். அதற்கென்றே வரும் ஃபேடர் கிளீனரை மட்டும் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். பொதுவான எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் சில நாள் நன்றாக ஓடி, பிறகு தூசியையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஃபேடரையே மாற்றுவதானால் நீளம், மின்தடை மதிப்பு, லீனியர் டேப்பர் (மின்தடை சீராக ஏறும் வகை), தொடு உணர்வுக்கான தனிக் கம்பி என்று நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். மாற்றியதும் கேலிப்ரேஷனை மறுபடி ஓட்டுங்கள்.